நாலு விரல் இடைவெளி

"மூணாவது கதவா? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றாள் நெகேசா.

கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. புங்கோமாவில் மழை பிடித்துப் பதினைந்து நாளாகிறது. புதிதாகக் கட்டிய அறைக்கு இன்னும் ஒழுங்கான கதவில்லை. சனிக்கிழமை, மகள் நஃபுலாவைப் பெண் கேட்டு வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டிய அறை அது.

முதல் கதவு உயரத்தில் நாலு விரல் குட்டை. இரண்டாவதும் அதே நாலு விரல் குட்டை. அந்தச் சந்து வழியாக மழைத்தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு கயெம்பாவின் கோழிக்குஞ்சுகளும் வந்தன. துடைத்துத் துடைத்து அவள் இடுப்பு விட்டுப்போயிற்று.

"நான் அறுத்தது சரிதாம்மா," என்றார் தச்சர் சிமியு. "உங்க வீட்டுப் பெரியவர் ரெண்டு தடவையும் இருநூறு சென்டிமீட்டர்னு சொன்னார். இருநூறுதான் அறுத்தேன். என் டேப்பால வாசலை ஒரு தடவை அளக்க விட்டாத்தானே?"

"அவர் எங்க விடுவாரு! பஸ் ஜன்னல்ல பேரம் பேசி வாங்குன பிளாஸ்டிக் டேப்பு. இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளுது. நல்லதா வாங்குங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். 'டேப்புல என்ன நல்லது கெட்டது, நம்பர் இருந்தாப் போதும்'னாரு."

அவள் கணவர் மகோகா டேப் இருந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். கயெம்பாவின் கோழி தலைகாட்டினாலே அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவர், இரண்டு நாளாக அதையும் விட்டுவிட்டார்.

"நாலு விரல் கூட வச்சு இன்னொண்ணு அறுப்பா," என்றார் கடைசியில். "மரத்துக்கும் தர்றேன், முழுக்கூலியும் தர்றேன்."

நெகேசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டீக்கு இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போட்டாலே முகம் சுளிக்கிற மனுஷன்.

"கூலி கிடக்கட்டும் பெரியவரே. கடைத்தெருவுல என்னை 'குட்டைக் கதவு சிமியு'ன்னு கூப்பிடறானுங்க. ரெண்டு டேப்பையும் பக்கத்துல பக்கத்துல நீட்டிப் பார்ப்போம். தப்பு யாருதுன்னு ஊருக்குத் தெரியட்டும்."

"ஊருக்கு என்னத்துக்குத் தெரியணும்? என் டேப்பு சரியாத்தான் இருக்கு. அறுத்தது நீ. நானே போனாப் போகுதுன்னு காசு தர்றேங்கறேன், போய் மரத்தை எடு!"

சிமியு தன் இரும்பு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நெகேசாவுக்கு மனசு கேட்கவில்லை. அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"அநியாயமா அந்த மனுஷன் மேல பழியப் போடறீங்களே. என் டேப்பு தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

மகோகா வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குறைஞ்சுதான் போவோம், நெகேசா. போன வருஷம் ஊர் சீஃப் முன்னாடி நம்ம பங்கை அளந்து, நமக்கும் கயெம்பாவுக்கும் எல்லைக்கல் போட்டது இந்த டேப்பாலதான். இப்ப நீ சாய்ஞ்சு நிக்கிறியே, இந்த ரூம்பே அவன் நிலத்துல நிக்குது."