கட்டாயக் கட்டம்

"ஏம்மா, ஒன்பது மணிக்குச் சொன்ன ரூல். மணி பதினொண்ணு. இன்னும் ஏன் வேலை செய்யல?"

மேனேஜர் புரோகிராமரின் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் யார் மேஜைக்கு வருகிறாரோ, அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது என்பது ஆபீஸ் அறிந்த விஷயம்.

கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் 'இடையில் வேலை பார்க்காத வருடங்களுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். இன்று முதல் அது கட்டாயம் என்று, சந்தேகம் கேட்கப் புரோகிராமரின் போன் நம்பரோடு, சைட்டில் அறிவிப்பும் போட்டாயிற்று. எல்லாம் மேனேஜரின் சொந்த மூளை. தேர்ந்தெடுக்க இரண்டே காரணங்கள்: மேற்படிப்பு, உடல்நலக் குறைவு. மனிதர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

"டேட்டாபேஸ்ல மாத்திட்டேன் சார். ஆனா எந்தக் கட்டம் கட்டாயம்னு ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைக் கேட்டா சைட் மெதுவாயிடும். அதனால ஒரே தடவை கேட்டு, கேஷ்னு ஒரு தற்காலிக நினைவுல வச்சுக்கும். அதைப் புதுப்பிச்சாதான் புது ரூல் அதுக்குத் தெரியும்."

"புதுப்பிக்க என்ன பண்ணணும்?"

"ஒரு பட்டனை அமுக்கணும் சார்."

"அமுக்கினியா?"

"மறந்துட்டேன் சார்."

மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

"நாற்பத்தொரு பேர் காரணமே போடாம உள்ள வந்திருக்காங்க. வருஷக்கணக்கா வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தவங்களுக்கெல்லாம் வாசலைத் திறந்து விட்டிருக்கே. நாளைக்கு உன்னை நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போடறதா இருந்தேன். இனிமே போட மாட்டேன். மறதிக்காரங்களுக்கு இங்க இடமில்ல."

அந்தக் கையெழுத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். முகம் சுண்டிப்போனது.

"இப்பவே அமுக்கு. என் கண் முன்னாடி."

அவள் மவுஸை நகர்த்தினாள். மேனேஜரின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க கம்பெனிக்குத்தான் அப்ளிகேஷன் போட்டுக்கிட்டிருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்பீங்க. பசங்களை வளர்த்த பத்து வருஷத்துக்கு அந்தக் கட்டத்துல என்னத்தைப் போடறது? நான் படிக்கவும் இல்ல, படுக்கவும் இல்ல. காலியா விட்டுட்டேன், ஒண்ணும் சொல்லாம அடுத்த பக்கம் போயிடுச்சு. சர்டிபிகேட்டை ஏத்தி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அஞ்சு நிமிஷம்."

குரலில் அவ்வளவு சந்தோஷம். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருடமாகிறது என்று யோசித்தபோது மேனேஜருக்குக் கொஞ்சம் வலிக்கக்கூடச் செய்தது.

போனைப் பொத்திக்கொண்டு, பட்டன்மேல் நின்ற அம்புக்குறியைப் பதறிப்போய்ப் பார்த்தார்.

"இரும்மா, இரு. அமுக்கிடாதே."

"சார்?"

மேனேஜர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார். இத்தனை வருட சர்வீஸில் அவர் குரல் இவ்வளவு இறங்கியதில்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்து அமுக்கேன். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடப்போகுது?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி சார். அறிவிப்பைப் பார்த்துட்டுக் காலையிலேர்ந்து எனக்குப் போன் பண்ணின நாற்பத்தொரு பேரும் இதே அஞ்சு நிமிஷத்தைத்தான் கேட்டாங்க."