சவரக் கண்ணாடி

குன்றின் உச்சியிலிருந்து ஏரி, ரயில் பாதை, பனங்காடு எல்லாம் தெரியும். செண்பகவல்லி தேடுவது ஒரு மினுக்கலை மட்டும். நடக்க முடியாத கணவர் கீழே வாசலில் உட்கார்ந்து, சவரக் கண்ணாடியை வெயிலில் திருப்புவார், இவள் கையாட்டுவாள். பக்கத்துப் பாறையில் நிற்கும் பிச்சமுத்துவுக்கும், போன மாதம் மனைவி இறக்கும்வரை, அப்படியொரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. இன்றும் அவர் மூச்சு வாங்க ஏறி வந்து, புரை விழுந்த கண்ணை இடுக்கி ஊரைத் துழாவிக்கொண்டிருந்தார்.

கீழே மின்னியது.

“அது எங்க தெருப் பக்கமாம்மா?”

தூக்கிய கையை அவள் மெல்ல இறக்கினாள்.

“ஆமாண்ணே. உங்க தெருதான்.”

அவர் தோளிலிருந்த துண்டை உருவி, இரண்டு கையாலும் வீசினார். கீழே அந்த வெளிச்சம் சற்றுத் தயங்கி, மறுபடியும் மின்னியது.