ஆண் சிலந்தி கிடைக்கவில்லை

ஏகாம்பரம் மழையில் தொப்பலாக நனைந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"பூங்கோதை, கிடைச்சுட்டான்மா! ஆண் சிலந்தி!"

மலையடி மண்ணில் வளை தோண்டி, அதற்கு மூடியும் போட்டு வாழ்கிற சிலந்தி அது. பெண் உள்ளேயே கிடக்கும். ஆண் மட்டும் மழைக்கு வெளியே வரும். அதைப் பார்த்தால்தான் எந்தப் பேரினம் என்று மகள் முடிவு சொல்ல முடியும். அதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும்.

"ஆரணிக்காரங்க அவசரப்படறாங்க. கல்யாணம் ஆனதும் மருமக வாசப்படி தாண்ட வேணாம்னுட்டாங்க. அதுக்குள்ள பட்டத்தை வாங்கிடும்மா."

பூங்கோதை லென்ஸில் நெடுநேரம் பார்த்தாள்.

"இது வேற இனம்ப்பா."

அவர் முகம் தொங்கிப்போனது.

"மனச விட்டுடாத. இன்னொரு வருஷம் பொறுக்கச் சொல்றேன்."

அவர் எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பியதும் அவள் பாட்டிலை வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"நீ அதே இனந்தான்டா. போன மழைக்கு உங்கண்ணனையும் இப்படித்தான் விட்டேன். இனிமே எங்கப்பா கண்ணுல மட்டும் படாதீங்க, ஓடு!"