வீட்டுச் சத்தம்

ஓய்வுபெற்று ஆறு வருடங்களுக்குப் பிறகு, துறைமுகத்தடியில் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்துக்கு மறுபடியும் வேலை கேட்டு வந்திருந்தார் பாக்கியரத்தினம்.

“உங்கட அனுபவம் எங்களுக்கு வேணும் ஐயா,” என்றாள் மேலாளர் ஷிஃபானா. “ஆனா இந்த வயசில பஸ்ஸில இடிபட வேண்டாம். லப்டொப் ஒண்டு தாறம். சரக்குப் பட்டியலையெல்லாம் லிங்கநகர் வீட்டில இருந்தே பாருங்கோ.”

“வீட்டிலயோ? ஏலாது பிள்ளை.”

“ஏன்?”

“மூண்டு பேரப்பிள்ளையள். ஒருத்தன் மேசையில ஏறுவான். மற்றவள் பேனையைப் பறிப்பாள். சின்னவன் அழத் தொடங்கினா கப்பல் ஊதுறதுகூடக் கேளாது! இஞ்ச ஒரு மூலையில கதிரை போட்டுத் தாங்கோ. இல்லாட்டி எனக்கு இந்த வேலை வேண்டாம்.”

ஷிஃபானா சிரித்துவிட்டாள். “சரி, நாளைக்கே இஞ்ச வாங்கோ.”

அவர் புறப்படும்போது மூன்று சொக்லேட்டுகளைக் கையில் வைத்தாள். “குட்டியளுக்கு.”

பாக்கியரத்தினம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். காலையில் கதிரையில் போட்டுவிட்டுப் போன துவாய் போட்டபடியே கிடந்தது. கனடாவில் பிறந்த அந்த மூன்று பேரையும் அவர் இதுவரை தொலைபேசியில்தான் பார்த்திருக்கிறார்.

மூன்று சொக்லேட்டுகளையும் அவரே சாப்பிட்டார்.