எட்டாவது திருத்தம்

ஆர்லோ ஹாகன் ஏழு பிழைகளையும் தட்டச்சு செய்து, எண் போட்டு, தாளை மடிக்காமல் கொண்டுவந்திருந்தார்.

எனக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். மகன் டீன் இறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. எங்கள் வார இதழின் முதல் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தபோது நான் இங்கே ஆசிரியராகச் சேர்ந்திருக்கவில்லை.

வயது இருபத்து நான்கு அல்ல, இருபத்து மூன்று. வண்டி நீலம் அல்ல, பச்சை. பனியில் சறுக்கிய இடம் பதினோராம் எண் சாலை அல்ல, ஒன்பதாம் எண் சாலை. பையன் வேலை பார்த்தது பால் பண்ணையில் அல்ல, தானியக் கிடங்கில். இப்படி ஏழு.

ஆர்லோ இந்த வட்டாரத்துப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் தபால் போட்டு ஓய்வு பெற்றவர்.

"நாப்பது வருஷத்துல ஒரு வீட்டு லெட்டர இன்னொரு வீட்டுப் பெட்டியில நான் போட்டதில்ல. ஒங்களுக்கு ஒரு ரோடு நம்பர் சரியா வரலியே தம்பி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. டீனைப் பற்றி அச்சில் இருக்கப்போவது இந்த ஒரு செய்திதான், அதிலாவது அவன் அவனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பத்திரிகைக்காரனை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு வரிக்கும் பதில் கேட்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

நான் வந்ததும் ஒரு விதி கொண்டுவந்திருந்தேன். புகார் வந்தால், புகாரில் உள்ள வரியை மட்டும் பார்த்தால் போதாது. முழுச் செய்தியையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். திருத்தம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். புகார் செய்தவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

ஆர்லோ நேரில் வருவதற்கு முன்பே புகாரைக் கடிதமாக அனுப்பியிருந்தார்; அது வந்த அன்றே விபத்து பற்றிய நெடுஞ்சாலைப் போலீஸின் அறிக்கையைக் கேட்டு எழுதினேன். முப்பத்தொரு பக்கம் வந்தது. கேட்டால் குடும்பத்துக்கும் கொடுப்பார்கள். ஆர்லோ கேட்கவில்லை. படிக்கும் தைரியம் தனக்கு இல்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்.

ஏழும் பிழைதான். எட்டாவதாக ஒன்றும் அகப்பட்டது.

செய்தியை எழுதியவள் ஆர்டிஸ். இந்த அலுவலகத்தில் முப்பது வருடமாக இருக்கிறாள். காலையில் திருத்தத்தின் நகலை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏழோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்றேன். அவர் கேட்டது ஏழுதானே என்றாள்.

தன் கவனக்குறைவை மறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தேன், மற்றவர்களுக்கும் கேட்கும்படி.

இப்போது அவள் இரண்டு மேசை தள்ளி, கணினித் திரையைப் பார்த்தபடி, எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் திருத்தங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆர்லோ தன் தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஏழாவது முடிந்ததும் பென்சிலைச் சட்டைப்பையில் வைக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நீங்களே விட்டது" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆர்டிஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

விபத்து மாலை 7:40-க்கு நடந்தது, டீன் அந்த நொடியே இறந்துவிட்டான் என்று எழுதியிருந்தோம். இரண்டும் தவறு. 7:40 என்பது பனி அள்ளும் வண்டிக்காரர் அவனைக் கண்ட நேரம். வண்டி கவிழ்ந்தது 6:50-க்கு. அதன் பிறகு ஏறத்தாழ 7:25 வரை அவனுக்கு உயிர் இருந்தது.

அச்சுக்குப் போக இருந்தபடியே, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வருந்துகிறோம் என்பது வரை.

ஆர்லோ நேரத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன்.

"ஏழு அஞ்சுக்குக் கூப்பிட்டான்" என்றார். "அப்பறம் ஏழேகாலுக்கு. மத்தியானம் என்னோட சண்ட போட்டுட்டுப் போனவன். கெஞ்சட்டும்னு நான் எடுக்கல."

அலுவலகத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவர் முதல் வரியிலிருந்து படித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு தன் தாளின் அடியில் எட்டு என்று எண் எழுதி, அதற்கும் ஒரு கோடு போட்டார்.

நன்றி சொன்னார். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

ஆர்டிஸ் என் மேசைக்கு வந்து நின்றாள். ஏழும் தன் தப்புதான் என்றாள். எட்டாவது தப்பல்ல; செய்தி அச்சாகும் முன்பே, நேரத்தை அப்படி மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டு வந்தது ஆர்லோவின் மனைவி மார்லிஸ். விபத்துக்கு மறுநாள் வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிப் அவளிடம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இரண்டு முறை போன் அடித்து ஓய்ந்தபோதும் சாப்பாட்டு மேசையில் ஆர்லோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்.

"பையனப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுன்னுகூட கேக்கல" என்றாள் ஆர்டிஸ். "அம்பது நிமிஷம் கேட்டா. குடுத்தேன்."