திருந்தாத சந்தியாகு

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் சந்தியாகு டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஏதோ ஒரு சீரியல். பார்த்தால் பக்தியில்லாத வீடு மாதிரித் தெரிய வேண்டும்.

வடைத் தட்டைச் செய்தித்தாளால் மூடினார். எதிர்பார்த்துக் காத்திருந்ததாகத் தெரியக் கூடாது. வீட்டைக்கூட முந்தின நாளே துடைத்துவிடுவார்; அன்றைக்குத் துடைத்தால் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும்.

வியாழக்கிழமைதோறும் மரியாயின் சேனையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். மாதா கோயிலுக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்த் திரும்ப அழைத்து வருவது சேனையின் வேலை. தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும்.

மனைவி புஷ்பராணி இறந்துபோன கோபத்தில் சந்தியாகு கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அதிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்து இந்த வீட்டுக்குள் வாரம் ஒருமுறை மனிதக் குரல் கேட்பது அவர்களால்தான். மகன் மஸ்கட்டிலிருந்து பேசுவான். அது போன் குரல். அதற்கு டீ போட்டுக் கொடுக்க முடியாது.

முதலில் நுழைந்தவர் மதலைமுத்து. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேனையின் தலைவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாலும் மேடையில் உட்காருவது போலத்தான் உட்காருவார்.

பின்னாலேயே ராஜாமணி. அவருக்கு நற்செய்தி அறிவிப்பதில் ஆர்வம் குறைவு. சந்தியாகுவின் இஞ்சி டீயில் ஜாஸ்தி.

“டிவிய அமுத்து மச்சான், சார் பேசப் போறாரு. அந்தப் பேப்பருக்குக் கீழ என்னா, வடையா?”

சார் பேசினார். சீடன் என்பவன் யார், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. வகுப்பறையிலும் யாரும் சொன்னதில்லை. அதனால் அவரே சொன்னார். தன்னைப் போன்ற ஒரு சீடன் கிடைத்தது இந்தப் பங்குக் கோயிலுக்கு எப்பேர்ப்பட்ட கொடை என்பதையும் மறைக்காமல் சொன்னார். தாழ்ச்சியைப் பற்றி மட்டும் வெகுநேரம் பெருமையாகப் பேசினார்.

நடுவில் ராஜாமணி, தேவனாம்பட்டினத்தில் வஞ்சிரம் விற்கிற விலையைச் சந்தியாகுவின் காதோடு சொன்னார்.

சந்தியாகுவுக்கு இரண்டுமே இனித்தன. முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

மதலைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“சகோதரர் சந்தியாகு, இதுதான் கடைசி சந்திப்பு. வெதச்சு வெதச்சு எங்க கை ஓஞ்சு போச்சு. பாறையில மொளைக்காது. அடுத்த வாரத்துலேந்து செம்மண்டலத்துல வேற குடும்பம்.”

“அந்த வீட்டுல ஏசி இருக்காம் மச்சான்,” என்றார் ராஜாமணி, பாதி மன்னிப்புக் கேட்கும் குரலில்.

டம்ளர்களை எடுக்கக் குனிந்த சந்தியாகு அப்படியே நின்றார். முகத்தில் கல் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

வாசலில் மதலைமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றார். ஏற்றுக்கொள்ளாத வீட்டை விட்டுப் போகும்போது கால் தூசியை உதறிவிடச் சொல்லியிருக்கிறதே, அதைச் செய்யத்தான் ஒரு காலைத் தூக்கினார். மழை பெய்திருந்தது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட தெரு. தூசி ஏதும் உதிரவில்லை. சேறு தெறித்து அவருடைய வெள்ளை வேட்டியிலேயே அப்பியது. ஒற்றைக் காலில் நிற்க ராஜாமணியின் தோளை வேறு பிடிக்க வேண்டியிருந்தது.

“சார்,” என்றார் சந்தியாகு. “ஒரு சந்தேகம்.”

தூக்கிய கால் கீழே வந்தது. காலமெல்லாம் வாத்தியாராக இருந்தவரை வாசலில் நிறுத்த அந்த ஒரு சொல் போதும்.

சந்தியாகு இதற்கு முன்பும் சந்தேகம் கேட்டிருக்கிறார். மரத்தால் செய்த பேழையில் நோவா கரையானையும் ஏற்றினாரா? ஆதாமுக்குத் தொப்புள் உண்டா? எல்லாம் உட்கார்ந்து யோசித்துத் தயாரித்தவை.

இது தயாரித்ததல்ல. வெளியே விடாமல் வைத்திருந்தது.

“செத்துப்போயி மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னாடி உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கறவுங்களுக்கு, இங்க நாம தனியா கெடக்கறது தெரியுமா சார்?”

ராஜாமணி வாயிலிருந்த வடையை மெல்லுவதை நிறுத்தினார்.

மதலைமுத்துவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

“நல்ல கேள்வி. இத நின்னுக்கிட்டு சொல்ல முடியாது. அடுத்த வியாழன் புத்தகத்தோட வர்றேன்.”

ஞாயிறு விடியும் முன்னால் சந்தியாகு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்.

எல்லா ஞாயிறும் ஏறுவதுதான். கோபம் தணிந்து வெகுகாலமாகிறது. கடலூரில் எந்தக் கோயிலில் பூசை கண்டாலும் சேதி மதலைமுத்துவுக்குப் போய்விடும்.

போன வருடம் அருளப்பன் என்று ஒருவர் மனம் திரும்பி வந்தார். கோயிலே கைதட்டியது. அதற்கப்புறம் அவர் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று சந்தியாகு ஒருமுறை விசாரித்தபோது ராஜாமணி சொன்னார்: “அவருக்கு இன்னா, அவருதான் கோயிலுக்கு வர்றாரே.”

சிதம்பரம் மாதா கோயிலில் சந்தியாகுவை யாருக்கும் தெரியாது. நற்கருணை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டார். புஷ்பராணிக்காக வேண்டினார். மகனுக்காக வேண்டினார். மதலைமுத்துவின் மூட்டு வலிக்காகவும், முழு மனதோடு, வேண்டினார்.

அப்புறம் ஒரு பயம் வந்தது. புத்தகத்தில் பதில் இருந்து தொலைத்தால்?

பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆண்டவரே, இன்னொரு சந்தேகம் தாரும்.”