சிவப்புப் பலகை

காரமடையில் ‘நோயில்லா ஊர்’ கூட்டமைப்பு தன் அலுவலகத்தில் இரண்டாம் முறையாகக் கூடியது. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுவது மெர்சியின் வேலை. நாற்காலியில் சாய்ந்து கேசரி தின்பது மற்ற பன்னிரண்டு பேரின் வேலை.

அவள் கொண்டுவந்த பாட்டிலைத் தலைவர் சென்னியப்பன் தூக்கிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

“உங்க காலனி ட்ரம்முல புடிச்சதுங்களா அம்மணி? அந்தச் சனத்துக்குச் சுத்தம் ஏதுங்க,” என்றார், மரியாதை குறையாமல்.

பத்து நாளுக்கொரு முறை தண்ணீர் வரும் காலனி. ட்ரம் இல்லாமல் எதில் பிடிப்பார்கள்?

“புழு இருந்த எடத்து வாசல்ல இதை மாட்டோணுங்க.” சிவப்புப் பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். ‘இங்கே கொசு வளர்க்கப்படுகிறது.’

கைதட்டித் தீர்மானத்தில் எல்லாரும் கையெழுத்திட்டார்கள்.

“எந்த ஊடுன்னு சொல்லுங்க அம்மணி, இப்பவே மாட்டிப்போடலாம்.”

“ஊடு இல்லீங்க.” மெர்சி பலகையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். “போன மாசம் தொடக்க விழாவுக்கு இங்க பூ மெதக்கவிட்டீங்களே, அந்த உருளிங்க. தண்ணியை இன்னும் ஆரும் கொட்டலீங்க.”

கூட்டமைப்பின் பெயர்ப்பலகைக்குக் கீழே ஓர் ஆணி சும்மாதான் இருந்தது.